எள் விழுது ஒட்டிய மலை

பெண்ணாவது, மண்ணாங்கட்டியாவது! யென் ஷௌலி வாத்தியார் தள்ளாத வயதில் ஒருத்தி பின்னால் போய்விட்டார் என்று சொல்கிற வாயில் ஒரு பிடி காய்ந்த மிளகாயைத்தான் திணிக்க வேண்டும். அந்த ஒருத்தி யார் தெரியுமா? மாகாணத் தலைநகரில், மண்ணுக்குள்ளிருந்து எடுத்த ஏடுகளைக் காத்துவரும் வென் ஜிங் அம்மாள். இரண்டு முழங்காலிலும் வாதம், எந்நேரமும் காலில் ரப்பர் பூட்ஸ், பேரனுக்கே மீசை முளைத்துவிட்டது. இரண்டாயிரம் வருஷத்துக்கு இந்தப் பக்கம் பிறந்த எதையும் அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். அவள் கணக்கில் வாத்தியார் இன்னும் கைக்குழந்தை.

பக்கத்து மேல்கரை மாவட்டத்துக்காரர்களிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டார் என்பது இன்னொரு கதை. பெண்டாட்டி சுயிலான் துரத்திவிட்டாள் என்பது மூன்றாவது. இந்தச் சந்தில் மாஜோங் ஆட்டக் காய்களை உருட்டுகிற கைகள் சும்மா இருந்தாலும் வாய்கள் சும்மா இருப்பதில்லை. பக்கத்துக் கடை குவோ அக்கா ஒரே மத்தியானத்தில் மூன்று கதையையும் சொல்லி, மூன்றையும் நம்பவும் செய்வாள். அவர் போன அன்று சுயிலான் வாசலில் நின்றாள், உண்மைதான். கையில் துணி இருந்தது, அதுவும் உண்மைதான். ஆனால் அது அடிக்க எடுத்த துணி அல்ல, மேசை துடைக்கிற துணி. எல்லாம் அந்தத் துணியில்தான் ஆரம்பித்தது. அதை மட்டும் யாரும் சரியாகச் சொல்வதில்லை.

யென் ஷௌலி ஹோங்போ ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். பிள்ளைகளுக்கு ஆறுகளையும் ரயில் பாதைகளையும் சொல்லிக்கொடுப்பார். தனக்கென்று ஒரு பழைய நூலை வைத்திருந்தார். எந்த மலையில் என்ன மண், என்ன மரம், என்ன விநோதப் பிராணி, அதைத் தின்றால் எந்த நோய் தீரும், அது கண்ணில் பட்டால் ஊருக்கு என்ன கேடு என்று மலை மலையாகச் சொல்லிக்கொண்டே போகும் நூல். அந்தக் காலத்தில் காகிதம் ஏது? மூங்கிலைச் சீவி, ஏட்டுக்கு ஒரு வரியாக எழுதி, கயிற்றால் பாய் மாதிரி கோத்துச் சுருட்டிவைப்பார்கள். கயிறு இற்றால் பாய் பிரிந்துவிடும். பின்னால் வந்தவன் ஏதோ ஒரு வரிசையில் கோத்திருப்பான், அதுதான் இன்று அச்சில் கிடைக்கிறது. படித்தவர்கள் எல்லோரும் இதைச் சொல்வார்கள், சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். வாத்தியார் கூடை முடைகிறவனிடம் மூங்கில் வாங்கி, அந்த நூல் முழுவதையும் ஏட்டுக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாற்றி மாற்றி அடுக்கினால் பழைய வரிசை ஒருநாள் பிடிபடும் என்பது அவர் நம்பிக்கை.

அடுக்க இடம் வேண்டுமே? சுயிலானுடைய நூடுல்ஸ் கடை மேசைகள் இருந்தன. எள் விழுது போட்டுப் பிரட்டிய சூடான நூடுல்ஸ் காலையோடு தீர்ந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் மேசைகள் வாத்தியாருக்கு.

"யோவ் கெழவா, நாளைக்கி ஜனங்க எதுல வெச்சுத் திங்கறது? உன் மலை மேலயா?" என்று சுயிலான் கேட்பாள்.

"கொஞ்சம் பொறு. இந்தப் பன்னிக்கு ஒரு மலை கெடைச்சா எடுத்துடறேன்."

சுயிலானுக்கு எழுத்து தெரியாது. ஏடுகளில் இருந்ததெல்லாம் அவளுக்குக் கோழி கிளறிய மண். ஆனால் அவர் சொல்லிச் சொல்லிப் பிராணிகள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. வாத்துக்கால் உள்ள ஒற்றைக்கண் பன்றியை அவளுக்கு நன்றாகத் தெரியும். அது எந்த ஊரில் தலைகாட்டுகிறதோ அந்த ஊரில் வாய்ச்சண்டை ஓயாது. சேவல் வால் உள்ள நாலு காது மானையும் தெரியும். அதன் மயிரை இடுப்பில் முடிந்துகொண்டால் வீட்டில் தானியம் தீராது. கடை வைத்திருக்கிறவள் இரண்டில் எதை விரும்புவாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒருநாள் வாத்தியார் ஒரு கல்யாண விருந்துக்குப் போய்விட்டு வந்தார். மீன் அடையும் தாமரைக்கிழங்கு சூப்பும் சாப்பிட்டது கொஞ்சம், சாராயம் குடித்தது நிறைய. வந்தவர் மேசை முன் உட்கார்ந்து, முணுமுணுத்துக்கொண்டே ஏடுகளை ஒரு புது வரிசையில் அடுக்கிவிட்டு, அப்படியே போய்ப் படுத்துவிட்டார். மறுநாள் காலை அவர் எழுந்து பள்ளிக்கூடத்துக்கு ஓடிய பிறகு, சுயிலான் அவசரத்தில் எள் விழுதுப் பானையை அந்த மேசைமேல் சாய்த்துவிட்டாள். விழுது சரிவாக ஓடி ஏடுகளின் அடியில் புகுந்தது. வாசலில் ஜனம் கிண்ணத்தோடு நின்றது. அள்ளினாள், மேசையைத் துடைத்தாள், ஏடுகளின் முகத்தையும் ஒரு துடை துடைத்தாள், கைக்கு வந்தபடி வரிசையாக வைத்தாள். எல்லாம் ஒரே கோழிக்கிளறல்தானே என்று நினைத்தாள்.

மத்தியானம் திரும்பி வந்த வாத்தியார் மேசையைப் பார்த்தார். குனிந்தார். தொடையில் ஓங்கித் தட்டினார்.

"சுயிலான்! இங்க வா! நேத்து அவ்வளவு போதையிலயும் என் கை சரியாத்தான் வெச்சிருக்கு பாரு! செம்மண் மலைக்கு அடுத்து நாலு காது மான்! செம்மண், மூணு ஓடை, தெற்கே மூங்கில், வடக்கே வெள்ளைக் கல்லு. இது எந்த மலைன்னு தெரியுதா?"

சுயிலான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாள்முதல் அந்த முகம் அப்படி மலர்ந்து அவள் கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

"நம்ம தவளை மலைடி!" என்றார் அவர்.

தவளை மலையில் செம்மண் உண்டு, மூங்கில் உண்டு, வெள்ளைக் கல்லும் உண்டு. ஓடைகள் இரண்டுதான். மூன்றாவது, பன்றித் தொழுவத்துச் சாக்கடை. அதையும் ஓடைக் கணக்கில் சேர்த்து வாத்தியார் ஒரு கட்டுரை எழுதினார். மாவட்டப் பத்திரிகையில் வந்தது. யார் படிக்கப் போகிறார்கள் என்று சுயிலான் நிம்மதியாக இருந்தாள். சுற்றுலா அதிகாரி தாவ் படித்தார்.

தாவ் அதிகாரிக்கு அப்போது ஒரு மனக்குறை. மேல்கரை மாவட்டத்துக்காரர்கள் ஏதோ ஒரு பழங்கால ராஜா தங்கள் ஊரில்தான் பிறந்தார் என்று தொட்டில் கட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நமக்கு ஒரு ராஜா கிடைக்காவிட்டால் ஒரு பிராணியாவது கிடைக்காதா என்று ஏங்கியவர் மடியில் நாலு காது மான் வந்து விழுந்தது. மலையுச்சியில் சேவல் வாலும் நாலு காதுமாக ஒரு சிலை எழுந்தது. அதன் பீடத்தில் 'இம்மலையை இனங்கண்டவர் யென் ஷௌலி' என்று ஆள் உயரத்துக்கு வெட்டினார்கள். தவளை என்ற பெயரைச் சொல்லக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. பேருந்துகள் வந்தன. சுயிலான் கடையில் மேசைகள் கூடின, மாடியில் தங்கும் அறைகள் வந்தன. குவோ அக்கா சிவப்பு நூல் கட்டிய மயிர்க்குஞ்சம் விற்றாள். மானுக்கு எங்கே போவது? சுற்று வட்டாரத்து ஆடுகள் எல்லாம் மயிர் பறிபோய் வெயில் காலத்தில் சளி பிடித்துத் தும்மின.

பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றுவிட்ட வாத்தியார் சந்தில் நடந்தால் ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். "எங்க குலதெய்வம் போகுது" என்பாள் குவோ அக்கா. சுயிலான் மேசை துடைத்துக்கொண்டே தலையைக் குனிந்துகொள்வாள். முதல் வாரத்திலேயே சொல்லியிருக்கலாம். இப்போது எப்படிச் சொல்வது? மலைமேல் அத்தனை பெரிய சிலை நிற்கிறது. ஒரு துடைப்புத் துணியை வைத்துக்கொண்டு அதை எப்படி இறக்குவது?

இறக்க வந்தது பேருந்துதான். பேருந்துகள் பெருகின, நிறுத்த இடம் போதவில்லை, மலையடிவாரத்தை வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் ஒரு பழங்காலக் கல்லறை. உள்ளே ஒரு பெட்டி, பெட்டி நிறையச் சேறு, சேற்றில் மூங்கில் ஏடுகள். வென் ஜிங் அம்மாள் ரப்பர் பூட்ஸோடு வந்து இறங்கினாள். ஏடுகள் தண்ணீர் குடித்து ஊறி, வெந்த நூடுல்ஸ் மாதிரி குழைந்து கிடந்தன. தொட்டால் அறுந்துவிடும். தட்டுத் தட்டாகத் தண்ணீரில் போட்டுத் தலைநகருக்கு எடுத்துப் போனாள். வெகுநாள் கழித்துச் சேதி வந்தது. பெட்டியில் இருந்தது வாத்தியாருடைய அதே மலைப் பிராணி நூலின் பழைய பிரதி!

சந்து முழுக்கப் பட்டாசு வெடித்தார்கள். மலைக்கு அடியிலேயே சாட்சி புதைந்து கிடந்திருக்கிறது என்றால் சும்மாவா? தாவ் அதிகாரி கார் கொடுத்து வாத்தியாரைத் தலைநகருக்கு அனுப்பினார். மாகாணத்திலிருந்து சுற்றுலா இடங்களுக்கான தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, அதற்குள் வாத்தியார் நல்ல சேதியோடு வந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

வாத்தியார் திரும்பி வந்தது பேருந்தில். கடைக்குள் வந்தவர் தன் பழைய ஏடுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார். எல்லாவற்றையும் முகம் கவிழ்த்துப் போட்டார்.

"என்ன கெழவா, வித்தியாசமா இருக்கு? எழுத்து மேல்பக்கமில்ல இருக்கும்?"

"எழுத்தையே பாத்துக்கிட்டு இருந்ததுதான் தப்பு. முதுகைப் பாக்கணுமாம். வென் அம்மா காட்டினாங்க. எழுதறதுக்கு முன்னாலயே மூங்கிலோட முதுகுல கத்தியால சரிவா ஒரு கோடு இழுத்துருவாங்களாம். கயிறு இத்துப்போனா என்ன? கோட்டோட கோடு சேர்ந்தா அடுத்தடுத்த ஏடு."

"சேர்ந்துதா?"

"சேர்ந்துது. செம்மண் மலைக்கு அடுத்து நாலு காது இல்ல, சுயிலான். வாத்துக்கால் பன்னி. நாலு காது வேற ஏதோ மொட்டை மலையில இருக்கு."

சொல்லிக்கொண்டே ஒரு ஏட்டின் முதுகை விரலால் தடவினார். அதில் பழுப்பாக ஒரு கறை காய்ந்து கிடந்தது. அடுத்ததை எடுத்தார், அதிலும் கறை, கொஞ்சம் கீழே. இன்னொன்று, இன்னும் கீழே. கறையோடு கறை சேர்த்து ஏடுகளை நகர்த்தினார். பாய் விரிந்த மாதிரி மேசையின் குறுக்கே ஒரே சரிவாகப் பழுப்புக் கோடு ஓடியது. குனிந்து முகர்ந்தார்.

"எள்ளு" என்றார்.

சுயிலான் பக்கத்துப் பெஞ்சியில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாண விருந்துக்கு மறுநாள், பானை, வாசலில் நின்ற ஜனம், துணி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். "திட்டுவேன்னு பயந்தேன். அப்புறம் நீ சிரிச்சே. அப்புறம் சிலை வந்துட்டுது" என்று முடித்தாள்.

வாத்தியார் திட்டவில்லை. ஏடுகளை ஒவ்வொன்றாக முகம் திருப்பிப் படித்தார். செம்மண் மலை. அதற்கு அடுத்தது வாத்துக்கால் பன்றி.

"அப்ப நான் சரியாத்தான் வெச்சிருந்தேன்" என்றார் மெதுவாக. "போதையில, யாரும் சொல்லாம, கல்லறைக்குள்ள இருக்கிற மாதிரியே வெச்சிருந்தேன்."

சரியாக வைத்தவரைத் துணி தவறாக்கியது. தவறு அவரைக் குலதெய்வமாக்கியது. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டு பேரும் அந்தப் பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குழு வர்றப்ப சொல்லிருவேன்" என்றார்.

"சொல்லாதே. கெஞ்சிக் கேக்கறேன். இந்தச் சந்து மொத்தமும் அந்த நாலு காதுலதான் தொங்குது. நம்ம அடுப்பும் அதுலதான் எரியுது."

"தெரியும். ஆனா என் பேரைக் கல்லுல வெட்டி வெச்சிருக்கு, சுயிலான். தெரியாம பொய் சொன்னவன் தூங்கலாம். தெரிஞ்சப்புறம் எப்படித் தூங்கறது?"

தலைநகரத்து விஷயம் எப்படியோ கசிந்தது. குவோ அக்கா கடைக்குள் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"பன்னியாமே, வாத்தியாரே? வாத்துக்காலாமே? அதோட மயிரை நான் யாருகிட்ட விக்கறது?"

"அதை விக்க வேண்டாம், குவோ. பாத்தாலே போதும், சண்டை வந்துரும்."

"வந்துதான் நிக்குதே! எவ்வளவு குடுத்தான் மேல்கரைக்காரன்?"

உண்மையில் மேல்கரைக்காரர்கள் பழக்கூடையோடு வந்துதான் இருந்தார்கள். மொட்டை மலை என்றால் எங்கள் ஆட்டுத்தலைக் குன்றுதான் என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். வாத்தியார், "மரத்தையெல்லாம் நீங்களே வெட்டிட்டு மொட்டைன்னா எப்படி? எந்த மலைன்னு எனக்குத் தெரியாது. எங்க மலை இல்லைன்னு மட்டும்தான் தெரியும்" என்று கூடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்தக் கூடை வந்ததைத்தான் சந்து பார்த்தது. திரும்பிப் போனதை யாரும் பார்க்கவில்லை.

குழு வந்தது. மலையடிவாரத்தில் சிவப்புத் துணி விரித்த மேசை, ஒலிபெருக்கி, சந்து ஜனம் முழுவதும் முன் வரிசையில். வாத்தியார் எழுந்தார். ஏட்டின் முதுகு, கத்திக் கோடு, பன்றி, எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "நான் எழுதினது தப்பு. சிலையில இருக்கிறது இந்த மலைப் பிராணி இல்ல" என்று முடித்தார். சுயிலான் கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் கேட்டது. கண்ணைத் திறந்தாள். தாவ் அதிகாரி வாத்தியாரின் தோளை அணைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"பாருங்க, ஐயாமாரே! இதுதான் எங்க ஊரு அறிஞரோட அடக்கம். தன்னோட கண்டுபிடிப்பையே தானே சந்தேகப்படறாரு! இப்படிப்பட்ட பெரிய மனுஷன் வேற எந்த மாவட்டத்துல இருக்காரு?"

குழுவினர் தலையாட்டினார்கள், மீன் அடை சாப்பிட்டார்கள், உயர்ந்த தரத்தையே கொடுத்துவிட்டுப் போனார்கள். பேருந்துகள் முன்னைவிட அதிகமாக வந்தன. கல்லறை இருந்த குழியைப் பார்க்கத் தனிக் கூட்டம். சந்துக்கு ஒரு குந்துமணி நஷ்டமில்லை. அதனால் சந்து அவரை மன்னித்துவிட்டது. "வயசாச்சு, பாவம், என்னமோ பேசறாரு" என்று குவோ அக்கா ஒரு குஞ்சத்தை இனாமாகவே கொண்டுவந்து அவர் சட்டையில் குத்திவிட்டாள்.

அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. திட்டியபோது சாப்பிட்டவர், மன்னித்த பிறகு கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். பேரையாவது எடுத்துவிடுங்கள் என்று தாவ் அதிகாரியிடம் நடையாய் நடந்தார்.

"கல்லுல வெட்டினதை எப்படி எடுக்கறது, யென் ஐயா? சிலைக்கு வலிக்கும்" என்று தேநீர் கொடுத்து அனுப்பினார் தாவ்.

கடைசியில் சுயிலானே கிளம்பினாள். நல்ல சட்டை போட்டுக்கொண்டு, அந்தப் பழைய துணியை மடித்து எடுத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல்முறையாக ஓர் அரசாங்க அலுவலகத்துப் படியேறினாள். தன் கடைக்குத் தானே தீ வைக்கப் போகிறோம் என்று தெரிந்துதான் போனாள். இவளைத்தான் சந்து புருஷனைத் துரத்தியவள் என்கிறது!

"தப்பு அவருது இல்லீங்க, அதிகாரி. என்னுது. விழுது கொட்டிட்டுது, நான்தான் மாத்தி வெச்சேன். எனக்கு எழுத்து தெரியாது. இந்தத் துணிதான். பேரை எடுத்துருங்க."

தாவ் அதிகாரி துணியைப் பார்த்தார். அவர் கண் மெல்ல மெல்ல அகன்றது.

"எழுத்து தெரியாத கை!" என்றார். "படிச்சவங்க காலங்காலமா தேடினதை, எழுத்தே தெரியாத ஒரு தாயோட கை சேர்த்து வெச்சிருக்கு! அம்மா, இது தப்பு இல்லம்மா. மலை தன்னைத் தானே காட்டிக்கிட்டிருக்கு! இந்தத் துணியை இங்கயே குடுத்துட்டுப் போங்க. கண்ணாடிப் பெட்டியில வெப்போம்."

துணியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிவருவதே சுயிலானுக்குப் பெரும்பாடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். வாத்தியார் கேட்டார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வற்றிப்போயிருந்தது.

"இனிமே உன் பேரையும் வெட்டிருவாங்க" என்றார்.

"வெட்டட்டும். எனக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு உறுத்தாது. நீதான் படிப்பே."

அவர் ஏடுகளை எடுத்து மூலை மேசையில் வரிசையாக அடுக்கினார். பிறகு, "வென் அம்மா சொன்னாங்க, ஏட்டுத் தட்டுல தண்ணி மாத்த ஆள் கெடைக்கலையாம். சின்னவங்க யாருக்கும் பொறுமை இல்லையாம்" என்றார்.

"சம்பளம்?"

"கேக்கல."

"கேக்க மாட்டியே. சாப்பாடு?"

"கஞ்சி இருக்கும்."

சுயிலான் எழுந்து போய் ஒரு புட்டி நிறைய எள் விழுது அடைத்தாள். ஆவியில் வெந்த மாவு ரொட்டிகளைத் துணிப்பையில் கட்டினாள். வெந்நீர்க் குடுவையை நிரப்பினாள். தானும் வருவதாக அவள் சொல்லவில்லை, வரச் சொல்லி அவரும் கேட்கவில்லை. அடுப்பு அவளுடையது. மலைதான் அவருடையதில்லை.

மறுநாள் காலை, கூட்டம் கலைந்த நேரத்தில், அவர் சட்டையிலிருந்த ஆட்டுமயிர்க் குஞ்சத்தைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார். பையைத் தோளில் போட்டார். கதவைத் தாண்டும்போது குவோ அக்கா தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க வாத்தியாரே, பையோட?"

"தலைநகருக்கு. வென் அம்மாகிட்ட. தண்ணி மாத்த ஆள் இல்லாம கஷ்டப்படறாங்க."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இதைத்தான் அன்று மத்தியானத்துக்குள் சந்து ஒரு பெண்ணாக்கி, உடம்புக்கு முடியாத வைப்பாட்டியாக்கி, நகரத்தில் வீடும் கட்டிக்கொடுத்துவிட்டது.

சுயிலான் வாசலில் நின்று அவர் முதுகைப் பார்த்தாள். மலைப்பக்கம் தலையைத் திருப்பாமல், பேருந்து நிற்கும் இடத்துக்கு அவர் நடந்துகொண்டிருந்தார். முனை திரும்பி மறைந்ததும் அவள் உள்ளே வந்தாள். மூலை மேசையில் ஏடுகள் அவர் வைத்தபடியே இருந்தன, செம்மண் மலையும் அதற்கு அடுத்து வாத்துக்கால் பன்றியும். அடுத்த பேருந்து வந்து நின்று, கூட்டம் பசியோடு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் துணியை நனைத்துப் பிழிந்தாள். ஏடுகளைத் தொடாமல், அவற்றைச் சுற்றி மட்டும் துடைத்தாள்.